பதினோராம் அத்தியாயம்

குன்னூரில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது, ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஏதாவது ஒரு வருடம் அங்கே வந்து தங்கியிருப்பார்கள். அந்தக் குளிர் பிடித்துப்போய், ஓய்வு பெற்றதும் டிரங்குப் பெட்டிகளோடு திரும்பி வந்துவிடுவார்கள். எண்பதுகளில் எங்கள் மார்க்கெட்டில் பீன்ஸை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருக்கும் பெரியவர், ஒரு காலத்தில் ஒரு டிவிஷனை நடத்தியவராக இருப்பார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவே அந்த ஊரில்தான் இருந்தார் என்றால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

நான் அப்போது ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவன், ஷார்ட்ஹேண்டும் கொஞ்சம் வரும். எங்கள் கணக்குப்பிள்ளைதான் என்னை ஓய்வுபெற்ற ஒரு ஜெனரலிடம் கொண்டுபோய் விட்டார். "பெரியவர் புஸ்தகம் எழுதறாராம். சொல்லச் சொல்ல அடிக்கணும். பக்கத்துக்கு இவ்வளவுன்னு குடுப்பார், காபியும் கிடைக்கும்" என்றார். சனிக்கிழமை மதியமும் ஞாயிறு முழுவதும் போக ஆரம்பித்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எந்தப் போர், எந்த அமைச்சர் என்பதையும் சொல்லப்போவதில்லை. அவர் அச்சில் வர வேண்டாம் என்று வைத்த விஷயம் அது. நான் எடுத்துக்கொள்ளும் உரிமை, அவர் எப்படி அதைச் சொன்னார், எப்படித் திருத்தினார், எப்படி எடுத்துவிட்டார் என்பதை மட்டும்தான்.

ஜெனரல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்கு என்று ஊரைவிட்டுக் கிளம்பியவர், பிறகு நிரந்தரமாகத் திரும்பவில்லை. அதனால் அவருடைய தமிழ் அந்த வயதிலேயே நின்றுபோயிருந்தது. ஆங்கிலத்தில் பேசினால் ஸ்டாஃப் காலேஜ் விரிவுரை மாதிரி இருக்கும். தமிழுக்கு மாறினால் தாமிரபரணிக் கரையில் கோலி விளையாடும் பையன் வந்துவிடுவான். 'நான் சொல்லுதேன், நீ தட்டுடே' என்பார். அந்த 'டே'யைக் கேட்பதற்காகவே போகலாம்.

1942இல் அவசரக் கமிஷனில் ராணுவத்தில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள், பெங்களூர் பயிற்சிப் பள்ளியில் சில மாதம் பழக்கித் தோளில் ஒரு நட்சத்திரம் குத்தி அனுப்பினார்கள். 1944இல் ஜப்பானியர் இம்பாலைச் சூழ்ந்தபோது அவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். அந்த அத்தியாயங்கள் எல்லாம் சரளமாக வந்தன. மழை, அட்டை, மலேரியா, கோவேறு கழுதைகள், விமானத்திலிருந்து பாராசூட்டில் விழுந்த அரிசி மூட்டைகள். அடித்துக்கொண்டே இருப்பேன், விரல் வலிப்பது தெரியாது.

பதினோராம் அத்தியாயத்தில்தான் நின்றது.

அதில்தான் அந்தச் சண்டை வருகிறது. அப்போது அவர் பிரிகேடியர், டெல்லித் தலைமையகத்தில். போர் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு படைப்பிரிவை இத்தனை நாளுக்குள் இந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா என்று அமைச்சர் கேட்கிறார். நாடாளுமன்றம் கூடுவதற்குள் அது நடக்க வேண்டும் என்பது அவருடைய அவசரம். முடியாது என்கிறார் இவர். சாலை இல்லை, குளிருக்கான துணி இல்லை, பீரங்கியை மேலே ஏற்ற வழியில்லை. அமைச்சர் மறுபடி கேட்கிறார். மூன்றாம் முறை கேட்டபோது இவருக்குப் பொறுமை போய்விட்டது. அறையில் ஏழெட்டு பேர், அதில் இவரைவிடச் சிறிய அதிகாரிகளும் உண்டு. எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "போரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இது என்ன உண்ணாவிரதமா?"

அந்த அமைச்சர் 1942இல் சிறையில் இருந்தவர். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் பிடிபட்டு உள்ளே போனவர். அவர் உள்ளே போன அதே வருடம்தான் நம்முடைய ஜெனரல் வெள்ளைக்காரனின் நட்சத்திரத்தைத் தோளில் குத்திக்கொண்டது.

அமைச்சர் கோபப்படவில்லையாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியாது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றாராம். கூட்டம் அதோடு கலைந்தது. படைப்பிரிவு நகர்த்தப்படவில்லை. ஜெனரல் சொன்னதுதான் நடந்தது. இருவரும் அதன் பிறகு தனியாகப் பேசிக்கொண்டதே இல்லை. சில வருடங்களில் அமைச்சர் இறந்துபோனார்.

இதை அவர் முதல்முறை சொல்லச் சொல்ல அடித்தபோது நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுப்பது போல இருந்தது. தேதி, நேரம், வரைபட எண், எத்தனை டன் சரக்கு, எத்தனை நாள் நடை. அமைச்சர் ஒரு மக்கு, இவர் ஒரு தியாகி. இரண்டாம் முறை அடித்ததில், அமைச்சர் இரண்டு இரவுகளாகத் தூங்காமல் இருந்தார் என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரி வந்ததும் பக்கத்தின் மொத்தத் தொனியும் மாறிவிட்டது. மூன்றாம் முறை உண்ணாவிரத வாக்கியம் காணவில்லை. விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்து நானே கேட்டேன்.

"சார், அந்த ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைடே. விட்டேன்."

அடுத்த வாரம் அவரே அதைத் திரும்பப் போடச் சொன்னார்.

அவர் அறையில் ஜன்னலோர அலமாரியில் ஆர்தர் பிரையண்டின் இரண்டு தடித்த புத்தகங்கள் இருந்தன. 1957இலும் 1959இலும் வந்தவை. ஃபீல்டு மார்ஷல் ஆலன்புரூக்கின் போர்க்கால நாட்குறிப்புகளை வைத்து எழுதியவை. பதினோராம் அத்தியாயம் தடுமாறும்போதெல்லாம் கை அந்த அலமாரிக்குப் போகும். தன் கதையை நிறுத்திவிட்டு புரூக்கின் கதையைச் சொல்வார். நானும் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு கேட்பேன். அந்த மணிக்கணக்குக்குப் பணம் கிடையாது, ஆனால் எனக்குக் கிடைத்த கூலி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆலன் புரூக் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக் குடும்பத்துப் பிள்ளை, பிறந்து வளர்ந்தது பிரான்சில். பீரங்கிப்படைக்காரர். முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவில் பல வருடம் இருந்தவர். 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், போர் முடியும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஏறக்குறைய அத்தனை வருடமும் அவருக்கு எதிர் நாற்காலியில் பிரதமர் சர்ச்சில்.

சர்ச்சிலுடன் அவருடைய முதல் மோதல் நேரில் நடந்ததுகூட இல்லை, டெலிபோனில் நடந்தது. 1940 ஜூன் 14. டன்கர்க்கிலிருந்து படைகளைக் காப்பாற்றி வந்த புரூக்கை, மிச்சமிருந்த பிரிட்டிஷ் படைகளை நடத்தச் சொல்லி மறுபடி பிரான்சுக்கே அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, பிரான்ஸ் முடிந்துவிட்டது, இருக்கிறவர்களை உடனே கப்பலேற்ற வேண்டும். சர்ச்சிலுக்கு அது சம்மதமில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரிட்டன் கைவிடவில்லை என்ற உணர்வைக் கொடுக்க வேண்டும் என்றார். பிணத்துக்கு எந்த உணர்வையும் கொடுக்க முடியாது என்ற பொருளில் புரூக் பதில் சொன்னார். கரகரவென்று இரைச்சலோடு கேட்ட அந்த லைனில் அரை மணி நேரம். நீ பயந்துவிட்டாயா என்று படும்படி சர்ச்சில் ஏதோ சொல்ல, புரூக்குக்குக் கிட்டத்தட்டக் கட்டுமீறிவிட்டது. கடைசியில் சர்ச்சில் இறங்கி வந்தார். பெரும் எண்ணிக்கையில் வீரர்கள் வீடு திரும்பினார்கள். அவர்கள் இருவரும் அதற்குமுன் ஒருவரோடொருவர் பேசியதுகூட இல்லை.

"பாத்தியாடே" என்பார் ஜெனரல். "இவனும் முடியாதுன்னுதான் சொன்னான். ஆனா அவனை அவமானப்படுத்தலை."

எனக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசத் தெரியாது. ஆனாலும் கேட்டேன், புரூக் எழுதினது எல்லாம் அவமானம் இல்லையா சார் என்று. அவர் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி வைத்தார்.

ஏனென்றால் புரூக் இரவுகளில் எழுதியவை கொஞ்சநஞ்சமல்ல. போர்க்காலத்தில் அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பது விதி. அதை மீறித் தன் மனைவி பெனிட்டாவுக்காக என்று சொல்லி எழுதினார். வேறு யார் கண்ணுக்கும் அல்ல என்று முதலிலேயே குறித்தும் வைத்தார். சர்ச்சில் மதியத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நடத்துகிற ஆள். புரூக்குக்கு அந்த மதியத் தூக்கம் கிடையாது. காலையில் மறுபடி முப்படைத் தளபதிகள் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும். நடுநிசியில் வீடு திரும்பி, அந்தப் பகலில் விழுங்கிய வார்த்தைகளை எல்லாம் காகிதத்தில் கொட்டினார்.

விழுங்காமல் சொன்னதும் உண்டு. 1944 ஜூலை 6 இரவு. நார்மண்டியில் படைகள் இறங்கி ஒரு மாதம் ஆகியிருக்கிறது, முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது. லண்டனில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுகள் விழுகின்றன. அன்றைக்கு அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிக் களைத்துப்போன சர்ச்சில், நன்றாகக் குடித்தும் இருந்தார். அங்கே படைகளை நடத்திய தளபதி மாண்ட்கோமரியை ஏச ஆரம்பித்தார். புரூக் வெடித்தார்: உங்கள் தளபதிகளை வாய்க்கு வந்தபடி ஏசாமல் ஐந்து நிமிடமாவது நம்ப முடியாதா என்று கேட்டார். துணைப் பிரதமர் அட்லி இருந்தார், வெளியுறவு அமைச்சர் ஈடன் இருந்தார். நான் எப்போது அப்படிச் செய்தேன் என்றார் சர்ச்சில். இந்த இந்தக் கூட்டத்தில், இன்னின்ன பேர் முன்னிலையில் என்று புரூக் எடுத்துச் சொன்னார். கூட்டம் முடிய அதிகாலை இரண்டு மணி.

அந்த வருடத் தொடக்கத்தில் இருவருக்கும் நடந்த இன்னொரு சண்டையை ஜெனரல் தனி ருசியோடு சொல்வார், காரணம் அதில் அவருக்கும் பங்கு இருந்தது. ஜப்பானுக்கு எதிராக என்ன செய்வது என்ற கேள்வியில் சர்ச்சிலுக்கு சுமத்ராவின் வடமுனை மேல் ஒரு கண். அதைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நின்றார். கப்பலும் இல்லை, ஆளும் இல்லை, பசிபிக்கில் அமெரிக்கர்களோடு சேர்ந்து நகர்வதே வழி என்றனர் புரூக்கும் மற்ற இரு படைத் தலைவர்களும். வாரக்கணக்கில் இழுத்தது. மூவரும் ஒன்றாக ராஜினாமா செய்வது வரை போனது. "லண்டன்ல இவனுங்க சுமத்ராவுக்கு அடிச்சிக்கிட்டு இருந்தப்ப, நாங்க இம்பால்ல ரேஷனைப் பாதியாக் குறைச்சு தின்னுக்கிட்டு இருந்தோம். எங்களை யாருடே நினைச்சா?" என்பார். அதில் அவருக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. மேலே நடக்கிற சண்டை கீழே இருக்கிறவனுக்குக் கேட்காது என்பதை அவர் லெஃப்டினண்டாக இருந்தும் பார்த்தார், பிரிகேடியராக இருந்தும் பார்த்தார்.

புரூக்குக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் இறங்கப்போகும் பெரும்படைக்கு நீதான் தலைமை என்று சர்ச்சில் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1943 ஆகஸ்ட் 15, கனடாவின் குவெபெக் கோட்டை. செயின்ட் லாரன்ஸ் நதியைப் பார்த்த மேல்தளத்தில் நடந்துகொண்டே சர்ச்சில் சொல்கிறார்: அந்தப் பதவி அமெரிக்கர் ஒருவருக்குப் போகிறது, தென்கிழக்கு ஆசியத் தலைமை மவுண்ட்பேட்டனுக்கு வருகிறது. இத்தனைக்கும் முந்தைய வருடம் கெய்ரோவில் மத்தியக் கிழக்குப் படைத் தலைமையைத் தானாகவே வேண்டாம் என்றவர் புரூக். சர்ச்சிலைக் கட்டுக்குள் வைக்க லண்டனில் தான் இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி விட்டுக்கொடுத்தவரிடம் சர்ச்சில் ஏதோ ரயில் நேரம் மாறிவிட்டதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை என்று புரூக் எழுதினார். பிறகு சர்ச்சில் தம் போர் வரலாற்றில், புரூக் அதை ஒரு போர்வீரனுக்குரிய கண்ணியத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார். 

இவ்வளவையும் மீறி ஒரு கதை உண்டு, சர்ச்சிலின் ராணுவ உதவியாளரான இஸ்மே வழியாக வந்தது. புரூக் என்னை வெறுக்கிறான், கண்ணிலேயே தெரிகிறது என்று சர்ச்சில் ஒருநாள் புலம்பினாராம். இஸ்மே போய்ப் புரூக்கிடம் சொல்ல, அவர் திகைத்து, வெறுப்பா, எனக்கு அவர்மேல் பிரியம்தான், ஆனால் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டேன் என்று நான் சொல்கிற நாளில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்றாராம். அதைக் கேட்டு சர்ச்சில் கண்கலங்கினார் என்பார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ஜெனரலின் குரல் கொஞ்சம் தடித்துப்போகும். அவருக்கு இப்படி ஒரு இஸ்மே வாய்க்கவில்லை. டெல்லியில் அந்த அறையிலிருந்த ஏழெட்டு பேரில் ஒருவராவது நடுவில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாறாக, இவர் சொன்ன வாக்கியத்தை மெஸ்ஸில் சொல்லிச் சிரித்தார்கள். இவரும் சில நாள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

"எனக்குக் கோட்டி பிடிச்சிருந்துதுடே அன்னைக்கு" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "நான் சொன்ன விஷயம் சரி. இன்னைக்குக் கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா அந்த மனுஷன் ஜெயில்ல கிடந்தப்போ நான் மகாராஜாவுக்கு சல்யூட் அடிச்சிக்கிட்டு இருந்தேன். அதைத் தெரிஞ்சுதான் அந்த வார்த்தையை எடுத்தேன். வலிக்கணும்னே எடுத்தேன்."

இதை அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ராணுவத்தில் அந்தத் தலைமுறை இந்திய அதிகாரிகளிடம் இந்த முடிச்சு உண்டு, அதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களுக்கு மேலே வந்து உட்கார்ந்தவர்கள், நேற்றுவரை எந்த அரசுக்கு அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தார்களோ அதே அரசு சிறையில் போட்டிருந்தவர்கள். ஒரு பக்கத்துக்கு மெஸ்ஸும் குதிரையும் ஆங்கிலமும். மறுபக்கத்துக்குக் கதரும் ராட்டையும் ராத்திரி ரயிலில் மூன்றாம் வகுப்பும். வெளியே மரியாதை குறையாமல் நடந்துகொண்டார்கள். ஆனால் நெருக்கடியில் யார் வாயிலிருந்து எது வரும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1959இல் தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நேரு சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மூன்று வருடத்தில் சீனப் போர் வந்தது. அந்தப் பிளவுக்கு நாடு என்ன விலை கொடுத்தது என்பதை நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. எங்கள் ஊர்க்கார மானெக்ஷா 1971 ஏப்ரலில் இந்திரா காந்தியின் முகத்துக்கு நேராக ராணுவம் இன்னும் தயாரில்லை என்று சொன்னதைப் பல மேடைகளில் ரசனையோடு சொல்லுவார். கூட்டம் கைதட்டும். 'டிசம்பர்ல ஜெயிச்சதால ஏப்ரல் கதை இனிக்குது' என்று ஜெனரல் ஒருமுறை சொன்னார். அதில் பொறாமை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் இருந்திருக்கும், அவரும் மனிதர்தானே.

ஒருநாள் பதினோராம் அத்தியாயத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அவர் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்துல நான் மட்டும் என்னத்தைப் பேச?"

"புரூக் எழுதினது சர்ச்சில் இருக்கும்போதே வந்துச்சே சார்?"

"அது அதைவிடக் கேடு. எண்பது தாண்டின கிழவனை அடிச்ச மாதிரி."

"அப்ப எப்பத்தான் எழுதறது?"

அதற்கு வாய்விட்டுச் சிரித்தார். வீட்டம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னப்பா சத்தம் என்று கேட்டார்கள். அவர் அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருக்கும் போல.

அவர் சொன்னது நியாயம்தான். பிரையண்டின் முதல் புத்தகம் வந்தபோது சர்ச்சிலுக்கு எண்பத்திரண்டு வயது, பதவியிலிருந்து இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புரூக் ஒரு பிரதியில் பாராட்டும் நன்றியுமாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். சர்ச்சில் சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டு, நெருக்கடியில் நாளுக்கு நாள் எழுதிய குறிப்புகளை வெளியிடுவது தமக்கு உடன்பாடில்லை என்று பதில் போட்டார். இத்தனைக்கும் பிரையண்ட் கடுமையான இடங்களை எல்லாம் மழித்துத்தான் போட்டிருந்தார். புரூக் ஏன் சம்மதித்தார் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். போருக்குப் பிறகு அவருக்குப் பணக்கஷ்டம். ஆசையாகச் சேர்த்த ஜான் கூல்டின் பறவை நூல்களை விற்றார், வீட்டை விட்டுத் தோட்டக்காரர் குடிலுக்குக் குடிபோனார். சர்ச்சிலின் ஆறு தொகுதிகளில் தமக்கும் மற்றத் தளபதிகளுக்கும் உரிய இடம் இல்லை என்ற ஆதங்கமும் இருந்தது. நியாயமான ஆதங்கம். ஆனாலும் அவசரப்பட்டார் என்பதுதான் என் எண்ணமும்.

நான் எஸ்டேட் வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிவந்த பிறகு ஜெனரல் காலமானார். 2001இல் டான்செவும் டாட்மனும் பதிப்பித்து புரூக்கின் நாட்குறிப்புகள் முழுசாக வெளிவந்தன. சில வருடம் கழித்து என் கைக்கு வந்தது. மழிக்காத புரூக்கை அப்போதுதான் படித்தேன். 1944 செப்டம்பர் 10ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன். இரண்டாம் குவெபெக் மாநாட்டுக்குக் குயின் மேரி கப்பலில் போகும்போது எழுதியது. உலகம் இந்த ஆளை மாபெரும் போர்த்தந்திரி என்று நினைக்கிறது, எவ்வளவு பெரிய ஆபத்து என்று அதற்குத் தெரியாது என்கிறார். ஒரே ஆளை ஒரே சமயத்தில் இந்த அளவுக்குப் போற்றவும் இந்த அளவுக்கு இகழவும் தாம் கண்டதில்லை என்கிறார். அதற்குச் சில நாள் முன்புதான் சர்ச்சில் இத்தாலியிலிருந்து நிமோனியாவோடு திரும்பியிருந்தார். காய்ச்சலும் மாத்திரையுமாக இருந்த கிழவரோடு, தூக்கமில்லாத இன்னொரு கிழவர் போட்ட சண்டை அது.

அந்தப் பதிப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஐம்பதுகளில் புரூக் தம் பழைய குறிப்புகளை மறுபடி படித்து, பல இடங்களுக்குப் பிற்குறிப்பு எழுதியிருக்கிறார். நான் ரொம்பவும் கடுமையாக எழுதிவிட்டேன், அது களைப்பில் வந்த எரிச்சல், வேறு யாரிடமும் கொட்ட முடியாததை இங்கே கொட்டினேன் என்ற பொருளில் சொல்லிக்கொண்டு போகிறார். சர்ச்சிலோடு வேலை செய்ய வாய்த்ததற்கு நன்றி சொல்கிறார். எந்தக் கருத்தில் தாம் மோதினாரோ அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சுமத்ரா தப்புதான், இன்றைக்கும் தப்புதான். வார்த்தைகளுக்குத்தான் வருந்துகிறார். ஆனால் அந்த வார்த்தைகளை அடிக்கவில்லை. பழைய பக்கத்தைக் கிழித்துப் புதுப்பக்கம் ஒட்டவில்லை. அன்றைக்குக் கோபப்பட்ட ஆளும் இன்றைக்கு வருந்துகிற ஆளும் அச்சில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். மூலக் கையெழுத்துப் பிரதி லண்டன் கிங்ஸ் கல்லூரியின் லிடல் ஹார்ட் ஆவண மையத்தில் இருக்கிறது.

ஜெனரல் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருடைய முதல் வரைவும் இரண்டாம் வரைவும் மூன்றாம் வரைவும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். மூன்றையும் அப்படியே தேதி போட்டு அச்சிட்டிருந்தால் அந்தப் புத்தகத்தில் அதுவே தலைசிறந்த அத்தியாயமாக இருந்திருக்கும். இம்பால் அத்தியாயத்தை வேறு யாரும் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஒரு படித்த தமிழ் அதிகாரி ஜெயிலுக்குப் போன ஒரு கதர்ச்சட்டைக்காரரைக் காயப்படுத்திவிட்டு, அதை ஒவ்வொரு வரைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொள்கிற கதையை வேறு யாரும் எழுத முடியாது. பதில் சொல்ல ஆள் இல்லை என்று அவர் சொன்னது சரியான காரணமில்லை. அமைச்சரின் பதில் அந்த அத்தியாயத்திலேயே இருந்தது. "தெரியாது, அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்." அதைவிட நல்ல பதிலை எந்த அமைச்சரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

புரூக்குக்கு லண்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு வெளியே 1993இல் சிலை வைத்தார்கள். சர்ச்சிலுக்கு எங்கெங்கோ இருக்கிறது.

எங்கள் ஜெனரலின் புத்தகத்தை அவருடைய பிள்ளைகள் அவர் காலமான பிறகு சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. முன்னுரையில் தட்டச்சு செய்தவர் என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள். பத்தாம் அத்தியாயத்துக்கு அடுத்தது பழைய கணக்குப்படி பன்னிரண்டாவது, அதற்குப் பதினொன்று என்று எண் மாற்றியிருந்தார்கள். அச்சான புத்தகத்தின்படி அந்தப் போர் நடந்த மாதங்களில் அவர் டெல்லியில் இருந்ததாக ஒரு வரிகூட இல்லை.